பாகற்காய்ச் சாறும் கிளேபாங் பஸ்ஸும்

முதல் நாள்

மலாக்காவின் காஜா பெராங்கில் வைத்தியர் சிங்காரவேலுவின் நாட்டு மருந்துக் கடைக்கு நான் வேலை கேட்டுப் போனபோது, எழுதப் படிக்கத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. கசப்பைப் பார்த்து முகம் சுளிக்காமல் இருக்கத் தெரியுமா என்றுதான் கேட்டார். தெரியும் என்றேன். எனக்குக் கல்யாணமாகி ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. அந்தப் பயிற்சி நன்றாகவே இருந்தது.

மெர்டேக்கா, அதாவது மலாயாவின் சுதந்திரம், வருவதற்கு முந்தைய வருடம் அது. என் கணவர் பத்து பெரெண்டாம் பக்கம் ஒரு ரப்பர் ஆலையில் இருந்தார். அவருடைய சம்பளம் எங்கள் குடும்பத்துக்குப் போதும் என்று அவர் ஒருவர் மட்டும் நம்பிக்கொண்டிருந்தார். அதனால்தான் நான் வேலைக்குப் போனேன்.

வைத்தியர் ஊரிலிருந்து கப்பலில் ஏறும்போது துணிக்கடை கணக்கப்பிள்ளை. பினாங்கில் இறங்கும்போது பரம்பரை வைத்தியர். கடலில் என்ன நடந்ததோ தெரியாது. ஆனாலும் அவர் முழுப் பொய்யர் இல்லை. பாகலைப் பற்றி அவருக்கு நிஜமாகவே கொஞ்சம் தெரியும். பிள்ளைகளுக்கு வயிற்றில் பூச்சி என்றால் இலைச்சாறு. உள்ளங்கால் எரிந்தால் இலையை அரைத்துப் பூசச் சொல்வார். மூலத்துக்கு வேரை உரைத்துத் தடவச் சொல்வார். இனிப்பு நீர் என்று நாங்கள் சொல்லும் சர்க்கரை வியாதிக்குக் காயின் சாறு. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு இதில் எதையும் கொடுக்கவே கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருந்தார். இவ்வளவோடு நின்றிருந்தால் இந்தக் குறிப்புக்கு வேலையே இல்லை. அவர் அதையே காது மந்தத்துக்கும், கடன் தொல்லையால் வரும் தலைவலிக்கும், மாமியார் கோபத்துக்கும் என்று மேலே மேலே போய்க்கொண்டிருந்தார்.

என் வேலை காயைக் கழுவி, விதை நீக்கி, அம்மியில் நசுக்கி, துணியில் பிழிந்து பாட்டிலில் அடைப்பது. காஜா பெராங் முழுக்கப் பாகற்காயை வாயில் வைக்காத மனிதர் ஒருவர் உண்டென்றால் அது எங்கள் வைத்தியர்தான். மதியச் சாப்பாட்டில் அது இருந்தால் இலையையே மாற்றச் சொல்வார்.

டிரைவர் மாணிக்கம்

கடலோரமாகக் கிளேபாங் பக்கம் ஓடும் பஸ்ஸுக்கு மாணிக்கம் என்பவர் டிரைவர். நாற்பது வயதைத் தாண்டியவர். ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தால் கவர்னர் மாதிரி இருப்பார். அவருக்கு இனிப்பு நீர் கண்டு, பெரிய ஆஸ்பத்திரியில் தினசரி ஊசி எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவருடைய மனைவி பாக்கியம் விடியற்காலையில் ஊசியைக் கொதிக்க வைத்துத் தன் கையாலேயே போட்டுவிடுவார். மயக்கம் வந்தால் வாயில் போட்டுக்கொள்ளச் சட்டைப் பையில் சீனிக் கட்டி வைத்திருக்க வேண்டும் என்றும் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

ஊசி வலிக்கிறது என்று மாணிக்கம் எங்கள் கடைக்கு வந்தார். வைத்தியர் அவருடைய நாடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். பெரிய வாடிக்கை சிக்கும்போது மட்டும் அவர் கண்ணை மூடுவார்.

"காலையில வெறும் வயித்துல சாறு. அப்புறம் மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் உள்ள போகக் கூடாது. பசியாறக் கூடாது, பால் போடாத தே ஓ கூடக் கூடாது. அதான் பத்தியம்."

மாணிக்கத்துக்கு ஒரு சந்தேகம். அந்தச் சந்தேகம் தமிழ்ச் சமையலறையில் வளர்ந்த எல்லோருக்கும் வரும்.

"மருந்து சாப்பிட்டா பாகற்காய் சேர்க்கக் கூடாது, முறிச்சிடும்னு சொல்வாங்களே. நான் ஊசி போட்டுக்கிறேன்."

"அது நம்ம மருந்துக்கு. ஊசி வெள்ளக்காரன் மருந்து. முறிஞ்சா முறிஞ்சிட்டுப் போகுது, நமக்கென்ன?" என்றார் வைத்தியர். "வூட்டுக்காரம்மா ஏசுவாங்கன்னா கொஞ்ச நாளைக்கு ஊசியும் போட்டுக்குங்க. ஆனா அந்தப் பையில என்னா?"

மாணிக்கம் சீனிக் கட்டியை எடுத்துக் காட்டினார்.

"இனிப்பு நீர்க்காரன் பையில சீனியா! நெருப்ப மடியில கட்டிக்கிட்டு அலையுறீங்களே. தூக்கிப் போடுங்க."

"ஐயா, அத வச்சிருக்கச் சொன்னது ஆஸ்பத்திரில" என்றேன் நான்.

"சரோஜா, நீ போயி காய நசுக்கு" என்றார் வைத்தியர்.

கடை வாசல் சாக்கடையில் சீனிக் கட்டிகள் விழுந்தன. எறும்புகள் வைத்தியரை வாழ்த்தியிருக்கும்.

பஸ்

அடுத்த வாரம் ஒரு காலையில் நான் கிளேபாங்கில் ஒரு தோட்டக்காரரிடம் பாகல் இலை வாங்கப் புறப்பட்டேன். மாணிக்கத்தின் பஸ். பாதி வண்டி நிறைந்திருந்தது. எனக்கு முன் ஸீட்டில் எங்கள் பக்கத்துச் செட்டிக் கம்பம் என்ற குடியிருப்பிலிருந்து வரும், பீபி என்று எல்லோரும் கூப்பிடும் ஓர் அம்மாள், பலகாரக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செட்டிமார்கள் சாமி கும்பிடுவது நம்மைப் போல. பேசுவது மட்டும் மலாய். நாங்கள் பல வருடமாகச் சிரிப்பிலேயே நலம் விசாரித்துக்கொண்டிருந்தோம்.

முதலில் ஒரு ஸ்டாப்பைத் தாண்டிப் போனார் மாணிக்கம். மணியை அடித்த சீனக் கிழவர் கத்தினார். மாணிக்கம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவர் பணிநேரத்தில் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அடுத்த ஸ்டாப்பில் நிறுத்தினார், ஆனால் நடுரோட்டில். மறுபடி கிளம்பியபோது வண்டி நடக்கிறவர்களைவிட மெதுவாகப் போனது. அவருடைய காக்கிச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. மழையில் நனைந்தவர் போலிருந்தார். வெளியே மழை இல்லை.

"அண்ணே! அண்ணே, பிரேக்!" என்று கண்டக்டர் கோவிந்தசாமி கத்திக்கொண்டு முன்னால் ஓடினார்.

பஸ் ரோட்டை விட்டு இறங்கி, புல்லில் ஓடி, ஒரு தென்னை மரத்தில் முட்டி நின்றது. வேகமே இல்லாததால் யாருக்கும் அடியில்லை. ஒருவருடைய முட்டைக் கூடை மட்டும் போனது. இன்னும் கொஞ்சம் தள்ளி இறங்கியிருந்தால் மரம் இல்லை, கடல்தான்.

மாணிக்கம் ஸ்டியரிங்கில் சாய்ந்து என்னவோ உளறினார். "மாபோக், மாபோக்" என்றார்கள் பின்னால் இருந்தவர்கள். குடித்திருக்கிறார் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

கோவிந்தசாமிக்கு விஷயம் தெரியும். அவர் மாணிக்கத்தின் சட்டைப் பையைத் துழாவினார். வெறும் பை. "சீனி எங்கண்ணே? எப்பவும் வச்சிருப்பாரே!" என்று திரும்பி எங்களைப் பார்த்தார். "யார்கிட்டயாச்சும் இனிப்பு இருக்கா? மானிஸ்! மானிஸ்!"

நானும் அவசரமாகப் பையைத் திறந்தேன். என் பையில் இருந்தது இரண்டு பாட்டில் பாகற்காய்ச் சாறு.

பீபி எழுந்தார். கூடையில் இருந்தது ஓண்டே ஓண்டே. தேங்காய்ப்பூவில் புரட்டிய பச்சை உருண்டை, உள்ளே கூலா மலாக்கா என்னும் தென்னை வெல்லப் பாகு. ஒன்றைப் பிய்த்து, பாகை மட்டும் விரலில் வழித்து மாணிக்கத்தின் நாக்கில் தடவினார். பிறகு இன்னொன்று. கன்னத்தைத் தட்டித் தட்டி மலாயில் அதட்டினார். பிள்ளைக்குச் சோறூட்டும் அதட்டல் எந்த மொழியிலும் ஒன்றுதான். கொஞ்ச நேரத்தில் மாணிக்கம் விழுங்கினார். அப்புறம் கண் தெளிந்தது. பஸ்ஸைப் பார்த்தார், தென்னை மரத்தைப் பார்த்தார், பீபியின் விரலைப் பார்த்தார்.

"ஐயோ, எனக்கு இனிப்பு ஆகாதே!" என்றார்.

மருந்தின் வெற்றி

நான் நேரே கடைக்குத் திரும்பி வைத்தியரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் பயப்படுவார் என்று நினைத்திருந்தேன். முகம் மலர்ந்தது.

"பாத்தியா! சர்க்கரை எப்படி இறங்கியிருக்கு! ஓடுற பஸ்ஸுலயே இறக்கியிருக்கே நம்ம சாறு!"

"ஐயா, அந்த மனுசன் செத்திருப்பாரு. கூட நாங்களும்."

"மருந்து வேலை செஞ்சிருக்கு. அவரு உடம்பு தாங்கல. அதுக்கு மருந்து என்னா செய்யும்?"

இதற்குமேல் அவரிடம் பேச என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் பாக்கியத்திடம் இருந்தது. மறுநாள் காலை அவர் கடைக்கு வந்தார். பஸ் கம்பெனியில் மாணிக்கத்தைக் குடிகாரன் என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்தப் போகிறார்கள். ஊசியோடு சேர்த்து இந்தச் சாற்றைக் குடித்துப் பட்டினி கிடந்ததால்தான் மயக்கம் வந்தது என்று வைத்தியர் ஒரு வார்த்தை வந்து சொன்னால் போதும்.

"அவரு வாழ்க்கையில ஒரு சொட்டு கள்ளு குடிச்சதில்ல. நீங்க குடுத்ததத்தான் குடிச்சாரு. வந்து சொல்லுங்க" என்றார்.

"நான் வந்து சொன்னா என் கடை என்னாகும்மா?"

"என் வூடு என்னாகும்?"

வைத்தியர் கண்ணை மூடிக்கொண்டார். நாடி பிடிக்க யாருடைய கையும் அங்கே இல்லை.

பாக்கியம் மேசையில் இருந்த பாட்டிலைத் திறந்து அவர் முன் வைத்தார். "அப்ப இத நீங்க குடிங்க. நல்ல மருந்துதானே. நாலு பேர் பார்க்கக் குடிங்க, நான் போயிடுறேன்."

கடையில் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் பார்த்தார்கள். வைத்தியர் ஒரு வாய் வைத்தார். அது உள்ளே போன வேகத்தைவிட வெளியே வந்த வேகம் அதிகம். மேசையை நான்தான் துடைத்தேன். பாக்கியம் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் துடைக்கிற துணியைக் கீழே போட்டேன்.

"வாங்கக்கா, நான் வந்து சொல்றேன். பிழிஞ்சது நான்தானே."

"போனா திரும்பி வராதே" என்றார் வைத்தியர், வாயைக் கொப்பளித்துக்கொண்டே.

ஒரு விரல் சாட்சி

பஸ் கம்பெனி மேனேஜர் ஒரு சீனர். நான் சொன்னதையெல்லாம் மலாயில் கேட்டார். கோவிந்தசாமியும் சொன்னார். நம்பினாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. காய்ச்சாறு குடித்து ஒருவன் தள்ளாடுவானா என்று கேட்டார். நான் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தார். பக்கத்தில் இருந்த தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தார்.

"இதைச் சந்தோஷத்துக்காக யாரும் குடிக்க மாட்டார்கள்" என்றார் கடைசியில்.

மாணிக்கத்தின் வேலை போகவில்லை. ஆனால் ஸ்டியரிங் போனது. ஊசி போட்டுக்கொள்கிறவர் பஸ் ஓட்ட வேண்டாம் என்று அவரை டெப்போவில் ஸ்டோருக்கு மாற்றினார்கள். டயரும் நட்டும் எண்ணுகிற வேலை. பாக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மாணிக்கம் என்னோடு வெகுநாள் பேசவில்லை. ஒருநாள் ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலில் எதிரே வந்தார். ஒதுங்கிப் போவார் என்று பார்த்தேன். நின்றார்.

"உயிரும் இருக்கு, சம்பளமும் இருக்கு. வண்டிதான் இல்ல தங்கச்சி" என்றார்.

"ஆஸ்பத்திரில சாறு குடிக்கிறத சொல்லியிருக்கலாமேண்ணே?"

"சொன்னா டாக்டர் ஏசுவாரு. போன தடவை கஷாயம் குடிச்சேன்னு சொன்னதுக்கே எல்லாருக்கும் முன்னால ஏசிட்டாரு. அதான் வாயத் திறக்கல."

வைத்தியர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். நன்றாக ஆனார். கசப்பாக இருப்பதால்தான் வம்பு வருகிறது என்று கண்டுபிடித்து, சாற்றில் நிறையச் சீனிப் பாகு சேர்த்து "மெர்டேக்கா டானிக்" என்று விற்றார். இனிப்பு நீர்க்காரர்கள் விரும்பிக் குடித்தார்கள்.

கிளினிக்

சில மாதம் கழித்து மலாக்கா டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் எனக்கு வேலை கிடைத்தது. மருந்து கட்டிக் கொடுப்பது, ஊசி கொதிக்க வைப்பது. பிறகு முறையாகப் படித்துக்கொண்டு, ஓய்வு பெறும்வரை அதே வேலையில் இருந்தேன். டாக்டர் நல்லவர். இனிப்பு நீருக்கு வருகிற எல்லோரிடமும், "வேற மருந்து ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்பார். எல்லோரும், "இல்லீங்க டாக்டர்" என்பார்கள். அந்தப் பதிலை நம்பினால், மலாக்காவில் ஒரு மனிதர்கூடப் பாகற்காய்ச் சாறு குடித்ததில்லை. சந்தையில் குவித்திருந்த காயையெல்லாம் மாடுகள்தான் வாங்கிப் போயிருக்க வேண்டும்.

ஒருநாள் வயதான ஒருவர் வந்தார். சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. டாக்டரிடம் வழக்கம்போல இல்லை என்றார். நான் அவர் கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, வேறு எதையோ விசாரிப்பது போலக் கேட்டேன்.

"சாறு பிழிஞ்சு குடுக்கிறது யாருங்கையா, மகளா மருமகளா?"

"மருமகதான். மக பிழிஞ்சா தண்ணி ஊத்திடுறா" என்றவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

திரைக்குப் பின்னால் இருந்த டாக்டர் கேட்டுவிட்டார். ஏசப் போகிறார் என்று நான் பயந்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எவ்வளவு குடிக்கிறீர்கள், எப்போது குடிக்கிறீர்கள், அதற்கப்புறம் பசியாறுகிறீர்களா என்று நிதானமாகக் கேட்டார். பெரியவர் ஒன்று விடாமல் சொன்னார். கேட்காததையும் சொன்னார். அதற்கேற்ப மருந்து அளவை டாக்டர் மாற்றினார். அன்றிலிருந்து அவரும் அப்படித்தான் கேட்க ஆரம்பித்தார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பாகற்காய் கெட்டதில்லை. ஊசியும் கெட்டதில்லை. ஒன்றுக்குத் தெரியாமல் இன்னொன்று உள்ளே போவதுதான் ஆளை மரத்தில் முட்ட வைக்கிறது. அதனால் குடிக்கிறீர்களா என்று கேட்காதீர்கள், யார் பிழிந்து தருகிறார்கள் என்று கேளுங்கள். பதில் வந்ததும் ஏசாதீர்கள். ஏசினால் அடுத்த தடவை சாற்றை மட்டுமல்ல, மருமகளையே மறைத்துவிடுவார்கள்.