போல்ட்டுக்கு அடியில் ஒரு பொட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு முட்டாள். அதுவும் சர்டிஃபிகேட் வைத்திருக்கிற முட்டாள். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்து, ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் பதினோரு வருடம் மெயின்டனன்ஸ் பார்த்த தைரியத்தில், "ஏரோப்ளேனும் ஸ்பின்னிங் மெஷினும் ஒன்றுதான், இரண்டிலும் கரண்ட் ஒரு வழியாகப் போய் இன்னொரு வழியாகத் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான்" என்று ஆஸ்திரேலியாவில் ஒரு மனிதரிடம் சொன்னவன். சொன்னது நான் என்றால், நம்பியது அவர். இரண்டு பேரில் யார் பெரிய முட்டாள் என்பதை நீங்களே கடைசியில் சொல்லுங்கள்.

பிஸ்கட் ஃபாக்டரி வேலைக்கென்று போய் அங்கே நான் குடியிருக்கிற தெருவில் ஒரு வீட்டுக் கார் வருடம் முழுக்க வாசலிலேயே நனைந்து காயும். ஷெட் இருக்கிறது, ஆனால் கார் உள்ளே போகாது. நம் ஊரில் கார் வாங்கியவன் அதற்கு உறை போட்டு, உறைக்கு மேல் ஒரு தார்ப்பாயும் போடுவான். இது என்ன ஊர், என்ன மனுஷன் என்று ஆறு மாதம் குழம்பிக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை ஷெட் கதவு திறந்திருந்தது. கார் நிற்க வேண்டிய இடத்தில், இறக்கை இல்லாத ஒரு விமானம் நின்றுகொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து எழுபது வயதுத் தலை ஒன்று வெளியே வந்து "ஹலோ" என்றது. கிரஹாம். பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். அங்கே வீட்டிலேயே விமானம் கட்டலாம். பரிசோதகர் வந்து பார்த்துச் சரி என்றால் பறக்கலாம். ராஜபாளையத்தில் மாடியில் ஒரு ரூம் இழுத்துக் கட்டினாலே பக்கத்து வீட்டுக்காரர் மூன்று மாதம் பேச மாட்டார்.

தகரம் வெட்டுவதெல்லாம் அவருக்குக் கைவந்த வேலை. வயரைப் பார்த்தால்தான் பயம். "பன்னிரண்டு வோல்ட் பழக்கம் உண்டா?" என்று கேட்டார். "நானூற்று நாற்பதிலேயே பலமுறை அடி வாங்கியிருக்கிறேன்" என்றேன், பெருமையாக. அனுபவத்தைச் சொன்னேன். அவர் அதை விபத்துப் பட்டியலாக எடுத்துக்கொண்டு, முதல் மூன்று வாரம் என்னை லேபிள் ஒட்ட மட்டுமே விட்டார்.

பொறவுதான் தெரிந்தது, மில்லில் கற்ற பாதியை நான் மறக்க வேண்டும் என்று. மில்லில் நின்றுபோன மெஷின் ஒரு குற்றம். ஃபியூஸ் போனால் புது இழை போடுவோம், மறுபடி போனால் இரண்டு இழையாக முறுக்கிப் போடுவோம், எப்படியும் ஓடியாக வேண்டும். இதைச் சொன்னதும் கிரஹாம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். விமானத்தில் ஃபியூஸ் போனால் அது தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம். வயர் எரியாமல் காப்பாற்றிவிட்டது. ஆகாயத்தில் அதைத் திரும்பப் போட்டால் தீயைக் கூப்பிடுகிறோம். அது இல்லாமலே ஓட்டி, இறங்கி, ஏன் போனது என்று பார்க்க வேண்டும். வயரை முறுக்கி டேப் சுற்றக் கூடாது, முனையில் வளையம் வைத்து அழுத்த வேண்டும். இன்ஜின் நடுங்குகிற நடுக்கத்தில் தகட்டு ஓட்டை வழியே போகிற வயர் அறுபடும், ரப்பர் வளையம் போட வேண்டும். இப்படி என் அறியாமைக்கு ஓர் அளவே இல்லை.

ஒன்றில் மட்டும் ஜெயித்தேன். வயர்களைக் கத்தையாகச் சேர்த்து மெழுகு நூலால் இடைவெளி விட்டு முடிச்சுப் போட வேண்டும். அவர் போட்ட முடிச்சு அவிழ்ந்துகொண்டே இருந்தது. நூல் ஊர்க்காரனிடம் நூலைக் கொடுத்தால் என்ன ஆகும்? இழை அறுந்தால் மெஷினை நிறுத்தாமல் முடிகிற பெண்களோடு வேலை பார்த்தவன் நான். ஒரே மத்தியானத்தில் முழு விமானத்தின் வயர்களையும் கட்டி முடித்தேன். இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. "பறக்கும்போது இரண்டாவது சீட் உனக்கு" என்றார். பிஸ்கட் ஃபாக்டரியில் வாரம் ஐந்து நாள் என் பெயரைச் சுருக்கிக் கூப்பிடுகிற ஒரு தேசத்தில், எனக்கென்று ஓர் இடம் என்று யாரும் சொன்னது அதுதான் முதல் தடவை. சனிக்கிழமை விடிந்தால் கால் வீட்டில் நிற்காது.

ஆயுத பூஜை வந்தது. மில்லில் அன்றைக்கு ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. ஒரு விமானத்தில் கை வைத்துவிட்டுப் பொட்டு வைக்காமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை. பரிசோதகர் பார்த்தால் கறை என்பார், கிரஹாம் பார்த்தால் துடைப்பார். எனவே மகா புத்திசாலித்தனமாக ஓர் இடம் கண்டுபிடித்தேன். இன்ஜினுக்கும் ஆளுக்கும் நடுவே இருக்கிற தகட்டுச் சுவரில், எல்லா நெகட்டிவ் வயர்களும் ஒன்றாக வந்து சேர்கிற எர்த் போல்ட். கரண்ட் தடையில்லாமல் போக, கிரஹாம் அந்த இடத்தில் பெயின்டைச் சுரண்டித் தகட்டைப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார். அவர் டீ போடப் போன நேரத்தில் அங்கே கெட்டியாக ஒரு சந்தனப் பொட்டு வைத்து, அதன் மேலேயே வயர் முனைகளை வைத்து போல்ட்டை முறுக்கிவிட்டேன். சாமிக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

மார்கழிக்கு முன்னால் ஒரு கோளாறு தொடங்கியது. தரையில் இன்ஜினை ஓட்டி, லேண்டிங் லைட்டைப் போட்டால், ஆயில் சூடு காட்டுகிற முள் எகிறும், ரேடியோ கரகரக்கும். அணைத்தால் இறங்கிவிடும். முள்ளை மாற்றினோம், சென்சாரை மாற்றினோம். பலன் இல்லை. அதற்குள் எனக்கு லீவு வந்துவிட்டது. ஏர்போர்ட்டில் விடும்போது கிரஹாம், "மீட்டர் பொய் சொல்கிறது. பரிசோதகர் ஒப்புக்கொண்டாயிற்று. லைட்டைத் தொடாமல் வருகிற சனிக்கிழமை முதல் முறை பறந்து பார்த்துவிடுகிறேன்" என்றார்.

ராஜபாளையத்தில் நாலு நாள்கூட என்னால் உட்கார முடியவில்லை. அங்கே இருந்தபோது இங்கே என்ன கறி என்று யோசித்தவன், இங்கே வந்து பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே அந்த முள்ளை யோசித்தேன். ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். என்னோடு மில்லில் இருந்த முருகேசன் அங்கே மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான்.

கடையில் சேத்தூர்க்காரர் ஒருவர் பம்புசெட் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்து பாவமாக நின்றார். முருகேசன் அதைப் பிளந்து போட்டு, ஸ்க்ரூடிரைவரால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"வாலே ஏரோப்ளேனு! செத்த நேரம் இரு. அண்ணாச்சி காண்டாக்டுக்கே பொட்டு வச்சிருக்காவ. கரண்டு போற எடத்துல வச்சா எப்பிடி உருப்படும்?"

"சாமிக்கு வச்சதுய்யா," என்றார் சேத்தூர்க்காரர்.

"சாமி வேண்டாம்னா சொன்னாரு? பெட்டி மேல வையிங்க. உள்ள வச்சா காஞ்சு பக்குக் கட்டும், கரண்டு தடுமாறும். லோடு ஏறும்போதுதான் வேலையக் காட்டும். பாருங்க, பூராத் தீஞ்சு போச்சு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பாதிச் சிரிப்பில் நிறுத்தி, அந்தத் தீய்ந்த காண்டாக்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். லோடு ஏறும்போதுதான். லைட் போட்டால்தான்.

"நீ ஏம்ல முழிக்க?" என்றான் முருகேசன். சொன்னேன். ஸ்க்ரூடிரைவர் நின்றது.

"எங்க வச்ச?"

"எர்த் போல்ட்டுக்கு அடியில."

"அடப்பாவி, கடல் தாண்டிப் போயும் வச்சியால!" என்று அவனும் சேத்தூர்க்காரரும் சேர்ந்து சிரித்தார்கள். பிறகு முருகேசன் கேட்டான்: "அவிய எப்பம் மேல போறாவ?"

"நாளைக்கு."

முருகேசன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். "அது முழுசா விட்டுச்சுன்னா முள்ளு, ரேடியோ அம்புட்டும் ஒண்ணாப் போயிரும்ல," என்றான். எனக்குத் தெரியும். அந்த இடத்தில் எல்லா வயரையும் சேர்த்துக் கட்டியவனே நான்தானே.

உடனே செய்தி அனுப்பினேன், அதிலும் ஒரு தந்திரத்தோடு: "எர்த் போல்ட்டைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்." காரணம் சொல்லாமல் தப்பித்தால் சீட் மிஞ்சும் அல்லவா? கிரஹாமிடமிருந்து பதில் வந்தது: "மல்ட்டிமீட்டரில் அது சரியாகத்தான் காட்டுகிறது. ஏன்?"

மல்ட்டிமீட்டர் சொட்டுக் கரண்டில் பார்ப்பது, சரி என்றுதான் காட்டும். அங்கே அவர் லாக் புக்கில் ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் காரணம் எழுதுகிறவர். எங்கள் மில் நோட்டில் "சரி செய்யப்பட்டது" என்பதோடு முடிந்துவிடும். காரணம் இல்லாமல் அவர் ஸ்பானரைத் தொட மாட்டார். முருகேசன் என் முகத்தைப் பார்த்தான். "சொல்லிருலே. சீட்டா பெருசு?"

பெரிசுதான். ஆனாலும் எழுதினேன். எங்கள் ஊரில் வருடத்துக்கு ஒருநாள் கருவிகளைக் கும்பிடுவோம், உங்கள் விமானத்தை என் மெஷினாக நினைத்துவிட்டேன், யாருக்கும் தெரியாத இடத்தில் சந்தனம் வைத்தேன், பறக்காதீர்கள். ஆங்கிலத்தில் படித்துப் பார்த்தால் பைத்தியக்காரன் வாக்குமூலம் மாதிரி இருந்தது. அனுப்பிவிட்டேன்.

பதில் இல்லை. திரும்புகிற பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தேன். டிரைவருக்குப் பக்கத்தில், இன்ஜினை மூடிய பச்சை பெயின்ட் பெட்டி மேல் மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். இந்தப் பஸ் தினமும் எந்தக் கோளாறும் இல்லாமல் ராஜபாளையம் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு கையில் ஜன்னல் கம்பி, மறு கையில் போன். கம்பி அதிர்ந்தது, போன் அதிரவில்லை.

ஊருக்குள் நுழையும்போது ஒரு போட்டோ வந்தது. கழற்றிய போல்ட், அதைச் சுற்றித் தகட்டில் ஒரு மஞ்சள் வட்டம், ஓரமெல்லாம் துருவாகப் பூத்த வெள்ளைப் பொடி. அதற்குக் கீழே, சுத்தம் செய்துவிட்டேன், லைட் போட்டும் முள் அசையவில்லை என்று எழுதியிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். லாக் புக்கில் என் பெயரையே காரணமாக எழுதிக்கொள்ளச் சொன்னேன். இனி சனிக்கிழமை ஷெட்டுப் பக்கம் வரலாமா, சீட் போய்விட்டதா என்றும் கேட்டேன். இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டி பஸ் போய்க்கொண்டிருந்தது. போன் அதிர்ந்தது.

"அடுத்த தடவை பெயின்ட் மேல் வை."