நாலு மணி நீலக்கோட்டு

குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கியதும் அவர் செய்கிற முதல் வேலை, வண்டிச் சாவியை அதற்குள்ளே முட்டை அடுக்கும் குழி ஒன்றில் வைப்பது. பெட்டி ஓடினால் அதன் உறுமல் மைக்கில் விழும். நிறுத்திவிட்டாலோ, திரும்பப் போட மறந்துவிடும். ஒரு தடவை மறந்து, பாலும் இறைச்சியும் நாறி, மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். இப்போது சாவி உள்ளே இருப்பதால் வெளியே கிளம்பும்போது பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும். அடுத்தது மின்விசிறி. அதற்கடுத்தது சுவர்க் கடிகாரம். கழற்றிப் போர்வையில் சுற்றி அலமாரிக்குள் தள்ளுகிறார். கதவிடுக்கில் ஈரத்துண்டு. ஜன்னலை மறைத்து நிமிர்த்தி வைத்த மெத்தை. சனிக்கிழமை மூன்று மணிக்கு அங்கே போகிறவர்கள், இவர்கள் வீடு காலி செய்கிறார்களோ என்றுதான் நினைப்பார்கள்.

"வீடு வாய மூடிட்டு இருந்தா போதும், மீதிய நான் பாத்துக்குவேன்" என்பார்.

மீதி என்பது மவுத் ஆர்கன். சனிக்கிழமைதோறும் நாலிலிருந்து ஐந்து வரை, கணினிக்குள் இருக்கும் ஓர் ஊரில், ஒரு மண்டபத்தில் வாசிக்கிறார். மெய்நிகர் உலகம் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன; அவருக்கு அது 'அந்த ஊர்', அவ்வளவுதான். அங்கே போகிறவர்கள் ஆளுக்கொரு பொம்மை உருவம் எடுத்துக்கொள்ளலாம். இவர் எடுத்துக்கொண்ட உருவத்துக்கு முப்பது வயது, தோள்வரை முடி, முழங்கால்வரை நீலக் கோட்டு. அங்கே எல்லாருக்கும் இவர் நீலக்கோட்டு. நிஜத்தில் வயது ஐம்பத்தைந்து. முடி கொட்டிப் பல வருடம் ஆகிறது. கோட்டு என்று ஒன்றை வாழ்நாளில் மாட்டியதில்லை. "அந்தப் பையனுக்குக் கொஞ்சம் தொப்பை வச்சா என்னங்க, ஆள் அடையாளமாவது தெரியுமே" என்று மனைவி கேட்டார். "காசா பணமா, அங்கயாவது ஒல்லியா இருந்துட்டுப் போறேன் விடு" என்றார் நீலக்கோட்டு.

மேசையைப் பார்க்க வேண்டும். மைக்குக்கு முன்னால், வளையத்தில் இழுத்துக் கட்டிய மனைவியின் பழைய காலுறை. மூச்சுக் காற்று நேரே போய் மைக்கில் அறையாமல் இருக்க அது. மைக்கிலிருந்து வயர் குமிழ் வைத்த ஒரு சிறிய மிக்ஸருக்குப் போகிறது, அங்கிருந்து கணினிக்கு, கணினியிலிருந்து மண்டபத்துக்கு. ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் ஒரே நிறத்தில் நகப்பூச்சுப் பொட்டு. பச்சைக்குப் பச்சை, சிவப்புக்குச் சிவப்பு. "கண்ணக் கட்டிவிட்டாக்கூட மாட்டிடுவேன்" என்று பெருமை வேறு. வாசித்தது அங்கே போய்ச் சேர இருபது விநாடி ஆகும். பாட்டை முடித்துவிட்டு, தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் அப்போதுதான் திரையில் கைதட்டல் எழுத்தெழுத்தாக ஏறி வரும். கடிதம் போட்டுப் பதில் வாங்குகிற பொறுமை வேண்டும் அதற்கு.

அவருக்கு அந்தப் பொறுமை உண்டு. முப்பது வருடமாகக் கார் கதவுக்குத் தகடு அடிக்கிற தொழிற்சாலையில் வேலை. எந்திரம் இறங்கும்போதெல்லாம் தரை அதிரும். பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. எல்லாம் கை ஜாடைதான். சாப்பாட்டு மணி அடித்தால்கூட, எதிரே இருக்கிறவன் வயிற்றைத் தடவிக் காட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். காதில் அடைக்கப் பஞ்சு கொடுப்பார்கள். இளம் வயதில் அதை யார் வைத்தார்கள்? வைத்தவனைப் 'பாப்பா' என்று கூப்பிட்டுக் கேலி செய்தவர்களில் இவரும் ஒருவர்.

"நான் வாசிச்சு முடிக்கிற வரைக்கும் யாரும் குறுக்க பேச மாட்டாங்க. வீட்ல உண்டா? வேலையில உண்டா?" என்று மண்டபத்தைப் பற்றிக் கேட்பார். சிரித்துக்கொண்டேதான் கேட்பார். ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் வாரம் முழுக்க எந்திரத்தின் முன்னால் நிற்கிறார் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்த ஒரு மணி நேரம்தான் போகப் பார்த்தது. முப்பத்தொரு பேர் வந்துகொண்டிருந்த மண்டபத்தில் இருபது பேர் ஆனார்கள், அப்புறம் பதினாலு, அப்புறம் ஒன்பது. வருகிறவர்களும் இரண்டு பாட்டு கேட்டுவிட்டு, அவசர வேலை என்று எழுதிவிட்டு மறைந்தார்கள். மண்டபத்தை நடத்துகிற பெண்மணி அங்கே முதுகில் இறக்கை வைத்துக்கொண்டு திரிபவர், பேச்சும் இறகு மாதிரிதான் இருக்கும். "நாலு மணிக்கு வேற ஒருத்தர் கேக்கறாங்க சார். அடுத்த சனிக்கிழமையும் பாப்போம், என்ன?" என்றார். அதற்கு என்ன பொருள் என்று விளக்கவா வேண்டும்?

ஆள் குறையத் தொடங்கியதிலிருந்தே மனுஷன் சும்மா இருக்கவில்லை. பாட்டுகளை மாற்றிப் பார்த்தார். இரட்டிப்பாகப் பயிற்சி செய்தார். உதடு வெடித்தது. சத்தத்தில் பளபளப்பு போதவில்லை, மங்கலாக இருக்கிறது, அதுதான் குறை என்று கண்டுபிடித்து, மிக்ஸரில் கீச்சொலியைக் கூட்டுகிற குமிழை இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் திருகினார்.

இறக்கைக்காரப் பெண்மணி அப்படிச் சொன்ன மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அஞ்சு மணிக்காரி கணினி வழியாகக் கூப்பிட்டார். இவருக்கு அடுத்து, ஐந்து மணிக்குக் கிட்டார் வாசித்துப் பாடுகிறவர். நிஜத்தில் பள்ளி வேன் ஓட்டுகிறார்.

"அண்ணா, தப்பா எடுத்துக்க மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேன்."

"சொல்லும்மா."

"உங்க சத்தத்துல ஒரு விசில் வருது. நீங்க வாசிக்காம சும்மா இருக்கும்போதும் வருது. ரெண்டு பாட்டுக்கு மேல உக்கார முடியல, தலைய வலிக்குது. மூணு மாசமா இருக்கு. எல்லாரும் பேசிக்கறாங்க, உங்ககிட்ட சொல்லத்தான் யாருக்கும் வாய் வரல."

"விசிலா? என் சத்தத்துலயா?" சுவர்க் கடிகாரத்தையே போர்வையில் சுற்றி வைக்கிற ஆளிடம் போய் இதைச் சொன்னால்? "முதல்ல உன் கம்ப்யூட்டரப் பாரும்மா" என்று வைத்துவிட்டார்.

வைத்துவிட்டாரே தவிர, இருப்புக் கொள்ளவில்லை. முந்தின நாள் வாசித்ததைப் பதிவு செய்து வைத்திருந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுச் சத்தத்தில் கேட்டார். பாட்டு இருந்தது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் நல்ல அமைதி இருந்தது. விசில் மட்டும் இல்லை. மூன்று தடவை கேட்டபின் மனைவியைக் கூப்பிட்டு ஹெட்போனைக் கொடுத்தார்.

அந்தம்மா மாட்டிய வேகத்தில் கழற்றினார். "ஐயோ! என்னங்க இது, ஊசியால குத்தற மாதிரி!"

"எந்த எடத்துல வருது?"

"எந்த எடத்துலயா? எல்லா எடத்துலயும்தான் வருது. உங்களுக்குக் கேக்கலையா?"

அவர் குனிந்து, மிக்ஸருக்கு மின்சாரம் கொடுக்கிற அடாப்டரைக் கையில் எடுத்தார். பழைய அடாப்டர் 'உர்ர்' என்று அடித்தொண்டையில் உறுமிக்கொண்டிருந்தது என்று மூன்று மாதத்துக்கு முன்னால் அவரே தேடிப் போய் வாங்கி மாட்டியது இது. மாட்டிய அன்றைக்கு, உறுமல் ஒழிந்தது என்று துள்ளிக் குதித்தார். இப்போது மனைவியை ஹெட்போனோடு உட்காரவைத்து, அதைப் பிடுங்கினார், செருகினார், பிடுங்கினார். செருகும்போதெல்லாம் அந்தம்மாவின் முகம் சுளித்தது. அவர் வாங்கி மாட்டிப் பார்த்தால் எல்லாம் ஒரே அமைதி.

"சனியன நானேதான் வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றார்.

அடாப்டரை மாற்றலாம், பெரிய வேலை இல்லை. ஆனால் மேசையில் அவருடைய நோட்டு இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒவ்வொரு குமிழும் எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று கடிகார முள் கணக்கில் அதில் எழுதி வைப்பார். மனைவி அதை எடுத்து, கீச்சொலிக் குமிழின் வரிசையை விரலால் தொட்டுக்கொண்டே பின்னோக்கிப் புரட்டினார். மூணு. ரெண்டரை. ரெண்டு. ஒண்ணு. பன்னண்டு.

"இது மூணு மாசக் கதை இல்லீங்க. ரெண்டு வருஷமா ஏறிட்டே வருது."

அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார். தொழிற்சாலையில் வருடத்துக்கு ஒரு முறை காதுப் பரிசோதனை. கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்வார்கள். "நர்ஸம்மா பட்டன அமுக்கும்போது தோள் லேசா அசையும். அதப் பாத்துப் பாத்துத் தூக்குவேன். ரெண்டு வருஷமா அப்படித்தான் பாஸ் ஆகிட்டு இருக்கேன்."

"அப்போ தெரிஞ்சேதான் இருந்திருக்கீங்க."

"தெரியும். பெரிசா ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சேன்."

"காலிங் பெல் அடிச்சா எந்திரிக்க மாட்டேங்கறீங்கன்னு உங்கள என்ன பேச்சு பேசியிருக்கேன்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" அந்தம்மாவுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

கடைசித் தவணையான சனிக்கிழமை வந்தது. வேறு அடாப்டர் மாட்டியாயிற்று. மூன்றரை மணிக்கு மனைவி பெரிய ஹெட்போனோடு ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் சின்ன இயர்போனைச் செருகிக்கொண்டு வாசித்தார். "எனக்கு இதெல்லாம் என்னங்க தெரியும்" என்று தயங்கிக்கொண்டே அந்தம்மா குமிழைத் திருகினார். மூன்றிலிருந்து இரண்டு. ஒன்று. பன்னிரண்டு. பன்னிரண்டையும் தாண்டிப் பதினொன்றில் நிறுத்தினார்.

"இங்கதாங்க. பக்கத்து ரூம்ல இருந்து கேப்பேனே, அதே மாதிரி இருக்கு."

"போர்வையப் போட்டு மூடின மாதிரி இருக்கே" என்றார் அவர்.

"உங்களுக்கு."

அவர் நோட்டில் பதினொன்று என்று எழுதினார். மனைவி வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

நாலு மணிக்கு மண்டபத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள். இறக்கைக்காரப் பெண்மணி கடைசி வரிசையில் நின்றார். முதல் பாட்டு முடிந்தது, யாரும் போகவில்லை. இரண்டாவது முடிந்தது, புதிதாக மூன்று பேர் வந்து நின்றார்கள். இருபது விநாடி கழித்து, "என்ன நீலக்கோட்டு, இன்னிக்குச் சத்தம் இவ்வளவு நல்லா இருக்கு!" என்று யாரோ எழுதினார்கள். "தலைவலி போச்சு" என்று இன்னொருவர். அவர் எழுத்துக் கூட்டுவதுபோல் நிதானமாக அதைப் படித்தார். தான் வாசிப்பது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல்தான் அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்றாவது பாட்டைத் தொடங்கினார்.

பாதிப் பாட்டில், வாத்தியத்தை இடது கை பிடித்திருக்க, வலது கை தன்பாட்டுக்கு மேசைமேல் நகர்ந்து போய்க் கீச்சொலிக் குமிழைத் தொட்டது. வாசிப்பை நிறுத்தாமலே அவர் கையைப் பின்னால் இழுத்தார். இழுத்துத் தொடைக்கு அடியில் செருகி, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.