அண்ணன் பங்குப் பெட்டி

ராயவரத்துப் பெரிய வீட்டில் அண்ணன் தம்பி இருவருக்கும் பாகம் பிரித்தபோது இரட்டைப்படையாக இருந்த எதற்கும் சண்டை வரவில்லை. நாலு அண்டாவா, ஆளுக்கு இரண்டு. ஒற்றையாக நின்ற ஊஞ்சலுக்கும் அம்மிக்கும்தான் பேச்சு வளர்ந்தது. பினாங்கிலிருந்து அப்பச்சி, அதாவது அவர்கள் அப்பா, கப்பலில் கொண்டுவந்த ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டு இருந்தன. இடுப்பளவு உயரம், பளபளவென்று மெருகேற்றிய மரம், ஒன்றைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். பஞ்சாயத்துக்கு வந்திருந்த பெரியவர்கள் ஆளுக்கு ஒன்று என்று சொல்லிவிட்டு அடுத்த சாமானுக்குப் போய்விட்டார்கள். ஒரு ஜோடிச் செருப்பை ஆளுக்கு ஒன்றாகப் பிரிக்கிற புண்ணியவான்கள் உலகத்தில் உண்டா என்றால், ராயவரத்தில் இருந்தார்கள்.

அவை சேர்ந்து பாடுவதற்குச் செய்த பெட்டிகள் என்பது இளையவர் உடையப்பனுக்குத் தெரியும். பினாங்குக் கடையில் அப்பச்சியோடு சில வருஷம் இருந்தவர். ஆனாலும் அன்று அவர் வாயைத் திறக்கவில்லை. சற்று முன்னால்தான் அண்ணன் சொக்கநாதன், ஊஞ்சல் பேச்சு முற்றிய கோபத்தில், பிள்ளை இல்லாதவனுக்கு எதற்குப் பாதி என்று கேட்டிருந்தார். சபையில் கேட்டார். உடையப்பனின் மனைவி கண்ணாத்தாள் தூணுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தே கேட்டார். அதற்குப் பிறகு உடையப்பனுக்கு எந்தச் சாமான் எங்கே போனால் என்ன என்று ஆகிவிட்டது.

வீட்டின் நடு முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் மூங்கில் தட்டி வைத்து இரு பாகமாக மறைத்தார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் அண்ணன், அவர் மனைவி உண்ணாமலை, விடுமுறைக்கு வந்துபோகும் பிள்ளைகள். இந்தப் பக்கம் உடையப்பனும் கண்ணாத்தாளும். மறு வருஷம் மஞ்சள்காமாலையில் கண்ணாத்தாள் போய்ச் சேர்ந்த பிறகு உடையப்பன் மட்டும். காரியத்துக்கு அண்ணன் வந்தார், முறை செய்தார், ஒரு வார்த்தை பேசாமல் தட்டியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

தனியாக இருப்பது எப்படி என்று யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. உடையப்பன் காலையில் இரண்டு இட்லி அவித்துக்கொள்வார். ஒரு இட்லித் தட்டில் மற்றக் குழிகள் காலியாக இருப்பதைப் பார்க்கப் பிடிக்காமல் பிறகு உப்புமாவுக்கு மாறினார். அண்ணன் வீட்டுத் தாளிப்பு வாசனை தட்டிக்கு மேலாக வரும். அண்ணன் இருமுவார். இவர் மனசுக்குள், சுக்கு வெந்நீர் குடியுங்களேன் என்று சொல்லிக்கொள்வார். ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு இப்படி ஒரு வாழ்க்கை. அசட்டுத்தனம்தான், ஆனால் அந்த வீட்டில் இரண்டு பேருமே முதலில் பேசப் பிறந்தவர்கள் இல்லை.

தன் பங்குப் பெட்டியைப் பாட வைக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு ஒரு ஐப்பசி மழையில் வந்தது. அப்பச்சி கொண்டுவந்த ஆம்பிளிபயர் நாகப்பட்டினம் துறைமுகத்தில் இறக்கும்போதே விழுந்து நொறுங்கிவிட்டது. தட்டுச் சுழற்றும் மிஷினும் பினாங்கு இசைத்தட்டுகளும் மட்டும் இவர் அறையில் இருந்தன. திருமயத்து மைக் செட்காரர் திருவிழா ஆம்பிளிபயர் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தார். சத்தத்துக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் வீணை வாசித்தால் மாடிப்படியில் குடம் உருண்ட மாதிரி இருந்தது. இது கோயில் கொட்டகைக்கு ஆகும், இந்தப் பெட்டிக்கு ஆகாது என்று அவரே கழற்றிக்கொண்டு, புதுக்கோட்டையில் ஜெகபர் சாதிக்கைப் போய்ப் பாருங்கள் என்றார்.

ஜெகபர் சாதிக் கோட்டைப்பட்டினத்துக்காரர். சிங்கப்பூரில் ரேடியோ வேலை பார்த்துவிட்டு வந்து, கீழ ராஜ வீதிக்குப் பக்கத்துச் சந்தில் கடை வைத்திருந்தார். பஸ் பிடித்துப் போன உடையப்பனை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பெட்டிக்குப் பின்னால் என்ன நம்பர் போட்டிருக்கிறது என்று விசாரித்தார். மின்தடை பதினைந்து ஓம் என்று உடையப்பன் எழுதிக் கொண்டுபோயிருந்தார். இந்த மாதிரிப் பெட்டிக்கு முரட்டுப் பலம் வேண்டாம், பெட்டியின் ஓமும் ஆம்பிளிபயரின் ஓமும் ஒத்துப்போனால் போதும், பொருந்தாத இடத்தில் எத்தனை வாட்ஸ் இருந்தும் வீண் என்று சாதிக் விளக்கினார். சத்தத்தைப் பக்குவம் செய்கிற பகுதியும் பெருக்குகிற பகுதியும் ஒரே கூட்டில் இருக்கிற சாமானே வீட்டுக்கு லாயக்கு என்றார். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"பெட்டி ஒண்ணா, ரெண்டா?"

உடையப்பன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். ஒன்று என்று சொல்ல வேண்டும். வாய் இரண்டு என்று சொல்லிவிட்டது.

சாதிக் மேஜை மேல் இரண்டு ஆம்பிளிபயர்களை எடுத்து வைத்தார். ஒன்று ஒற்றைப் பெட்டிக்கு உள்ளது, புதுசு. மற்றது ஸ்டீரியோ, ஊருக்குக் கப்பலேறிய ஒரு கொடைக்கானல் துரை விற்றுவிட்டுப் போனது. அதில் ஒரே கூட்டுக்குள் இரண்டு ஆம்பிளிபயர் அக்கம்பக்கமாகக் குடியிருந்தன. சாதிக் சுவிட்சைப் போட, உள்ளே கண்ணாடி வால்வுகள் சிவந்து வந்ததும் உடையப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல, ஒரு பெட்டி அண்ணன் வீட்டில் இருக்கிறது, எங்களுக்குள் பேச்சு இல்லை என்ற விஷயத்தையும் சொன்னார்.

சாதிக் ஸ்டீரியோவின் சுவிட்சை அணைத்தார். அப்புறம், இது வால்வு சாமான், ஒரு பக்கம் பெட்டியே இல்லாமல் ஓட்டினால் உள்ளே டிரான்ஸ்பார்மர் எரிந்துவிடும் என்றார். இல்லாத பெட்டிக்குப் பதிலாக ஒரு ரெசிஸ்டரை மாட்டி ஓட்டலாம், ஆனால் அந்தப் பக்கத்துப் பாட்டெல்லாம் வெறும் சூடாகப் போகும், காதுக்கு வராது என்றும் சொன்னார்.

"செட்டியாரய்யா, நான் யாவாரி. ஆனாலும் சொல்றேன். கையில இருக்குறதுக்குத் தக்கன வாங்கிட்டுப் போங்க. ஒத்தைப் பெட்டிக்கு இதுவே தாராளம்."

"அண்ணன் குடுப்பாக. கேட்டாத்தான் குடுப்பாக. கேக்கறதுக்கு ஒரு காரணம் வேணுமில்ல, சாதிக்?"

சாதிக் ஸ்டீரியோவைக் கட்டிக் கொடுத்தார். கட்டைவிரல் பருமனில் ஒரு ரெசிஸ்டரையும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

அண்ணனிடம் பெட்டியை உடையப்பன் அந்த மாதத்திலேயே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தினம் சாயங்காலம் தட்டு வைத்தார். நம் ஊர்த் தட்டுகள் இரண்டு பக்கத்துக்கும் ஒரே பாட்டைத் தந்ததால் ஒற்றைப் பெட்டியிலும் முழுசாகப் பாடின. பினாங்குத் தட்டுகள்தான் காலை வாரின. அவற்றில் ஒரு ரயில் தட்டு உண்டு. ஸ்டீரியோ என்றால் என்ன என்று காட்டுவதற்காக எடுத்தது. இடப்பக்கத்துப் பெட்டியில் ரயில் தூரத்திலிருந்து வரும், நெருங்கும், கடகடவென்று கூடமே அதிரும். சரியாக நடுக்கூடத்துக்கு வந்ததும் ரயில் இருக்காது. வலப்பக்கத்துப் பெட்டிக்கு என்று கூட்டிப் பெருக்கிக் காலியாக வைத்திருந்த இடத்துக்குள் போய் மறைந்துவிடும். உடையப்பன் எழுந்து போய் ரெசிஸ்டரைத் தொட்டுப் பார்ப்பார். சுடும். ரயில் அதற்குள்ளே போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்.

ஒரு விஷயம் அவருக்கு நம்பிக்கை தந்தது. தட்டு ஓட ஆரம்பித்ததும் தட்டிக்கு அந்தப் பக்கம் அண்ணனின் சாய்வு நாற்காலி கிரீச்சிடுவது நின்றுவிடும். பாட்டு முடிந்த பிறகுதான் மறுபடி கிரீச்சிடும். அண்ணன் கேட்கிறார். உடையப்பன் அதற்காகவே சத்தத்தை ஒரு சுற்று கூட்டி வைப்பார். எந்தத் தட்டுக்கு நாற்காலி அதிக நேரம் சும்மா இருக்கிறதோ அந்தத் தட்டை மறுநாளும் வைப்பார். பொண்டாட்டியைக்கூட அவர் இப்படிக் கவனித்தது கிடையாது.

அவர் மனசில் ஒரு படம் இருந்தது. பெட்டியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அண்ணே, ஒரு கை பிடியுங்கள் என்று இவர் கேட்பார். ஒரு முனையை அண்ணன் பிடிப்பார், மறுமுனையை இவர். தட்டியைச் சுற்றி, மெல்ல, சுவரில் இடிக்காமல், அங்கிட்டுத் தள்ளு, இங்கிட்டுத் தள்ளு என்று எதையாவது பேசித்தானே ஆக வேண்டும். அந்த நாலு வார்த்தைக்காகத்தான் அவர் ஸ்டீரியோ வாங்கினார் என்று நான் சொன்னால் அது மிகை இல்லை.

தை பிறந்ததும் ஒரு காலையில், முற்றத்தில் வற்றல் காயப்போட வந்த உண்ணாமலையிடம் தட்டி வழியாகக் கேட்டுவிட்டார். "அண்ணமிண்டி, அந்தப் பெட்டி சும்மா இருந்தா எனக்கு வேணும். அண்ணன்கிட்டச் சொல்லுங்க. தூக்க நான் வாரேன், அவுகளும் ஒரு கை பிடிச்சாப் போதும்." அண்ணமிண்டி என்றால் அண்ணன் மனைவி. அந்த முறையைச் சொல்லி அவளைக் கூப்பிட்டே இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சொல்றேன் தம்பி என்றாள்.

உடையப்பன் சவரம் செய்துகொண்டார். வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டார். அண்ணனுக்குப் பிடிக்குமே என்று காபிக்கொட்டை வறுத்து அரைத்து வைத்தார்.

சாயங்காலம் பெட்டி வந்தது. அண்ணன் வீட்டுப் பண்ணையாள் மூக்கனும் இன்னொருவனுமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேலே எண்ணெய்க் கறையும் குங்குமமும் இருந்தன. அந்தப் பக்கம் அதன் மேல் குத்துவிளக்கு வைத்திருந்தார்களாம். எங்கே வைக்கட்டும் என்று மூக்கன் கேட்டான். உடையப்பன் இடத்தைக் காட்டினார். வேறு யாராவது பின்னால் வருகிறார்களா என்று நடையைப் பார்த்தார். பிறகு அவர்கள் இரண்டு பேருக்கும் அந்தக் காபியைக் கொடுத்தார்.

ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு வயரை மாட்டினார். ரயில் வந்தது, நடுக்கூடத்தில் மறையவில்லை, அவரைக் கடந்து வலப்பக்கம் ஓடித் தட்டி வரைக்கும் போய்த் தேய்ந்தது. அப்பச்சி இதைக் கேட்காமலே போனாரே என்று அழுகை வந்தது. பார்த்தீங்களா என்று சொல்லத் திரும்பினார். கூடத்தில் அவர்தான் இருந்தார்.

அன்று படுத்தபோது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவருக்கு வருகிற பொய் அப்படித்தான் இருக்கும். காலையில் மூக்கனைக் கூப்பிட்டு, பெட்டி சரியாகப் பாடவில்லை, அண்ணன் ஒரு தடவை வந்து கேட்டுப் பார்த்தால் தேவலை என்று சொல்லியனுப்பினார். அனுப்பிவிட்டு, உட்கார நாற்காலியை இரண்டு பெட்டிக்கும் நடுவில் இழுத்துப் போட்டார்.

மூக்கன் போன சுருக்கில் திரும்பி வந்தான். தலையைச் சொறிந்தான். சொல்லு என்றார் உடையப்பன்.

"ரெயிலு தட்டி வரைக்கும் வந்து போனது எனக்கும் கேட்டுச்சுன்னு பெரியவுக சொன்னாங்க. பெட்டியத்தான் கேட்டான், குடுத்தாச்சு. என்னையும் கேக்க வேண்டாமுன்னு சொல்லச் சொன்னாங்க."

"வேற?"

"அம்புட்டுத்தான். சொல்லிட்டு நாக்காலிய அங்கிட்டுத் திருப்பிப் போட்டுக்கிட்டாங்க."

உடையப்பன் சரி என்றார். மூக்கன் போன பிறகு வெகுநேரம் அந்த நாற்காலியிலேயே இருந்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. அண்ணனுக்குத் தன் மேல் கோபம் இல்லை, அன்று சபையில் கேட்ட கேள்விக்குப் பிறகு தன்னைப் பார்க்க முகம் இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. கோபமென்றால் என்றைக்காவது தணியும். இதற்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் வழக்கம்போல ஒரு தட்டை எடுத்துத் துடைத்து வைத்தார். இரண்டு பெட்டியும் சேர்ந்து, ஒரு குறை சொல்ல முடியாமல், பாடகி கூடத்தின் நடுவில் வந்து நிற்கிற மாதிரிப் பாடின. உடையப்பன் எழுந்து போய், தனக்கு மட்டும் கேட்டால் போதும் என்ற அளவுக்குச் சத்தத்தைக் குறைத்தார்.