வாயைப் பொத்திச் சிரித்த காலம்

கல்யாணமாகிப் பல மாதங்கள் வரை என் கணவர் நான் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்ததில்லை. அதற்கு அவர்மேல் குறை சொல்ல முடியாது. பதுளைக் கடைத்தெருவில் அவரைப் போலப் பேச்சுக்காரர் கிடையாது. அரிசியும் கருவாடும் துணியும் விற்கும் கடை எங்களுடையது. கடைக்குப் பின்னால் வீடு. மத்தியானம் சாப்பிட வரும்போது, அன்று கடைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரையும் போல நடந்து காட்டுவார், பேசிக் காட்டுவார். எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வரும். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிடுவேன். அடுப்பை ஊதுகிறேன் என்று அவர் நினைக்கட்டும் என்று ஊதவும் செய்வேன்.

என் பற்கள்தான் காரணம்.

நான் ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகள். எங்கள் வீட்டில் தேத்தண்ணியில் சீனி போடுகிற வழக்கமில்லை. ஒரு வாய் தேத்தண்ணி, ஒரு கடி கருப்பட்டி. அப்படித்தான் எல்லோரும் குடித்தார்கள். நான் செல்லப்பிள்ளை. படுக்கும்போதும் ஒரு துண்டு கருப்பட்டியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால்தான் தூக்கம் வரும். காலையில் அடுப்புக்கரியை விரலில் தொட்டு முன்பல்லில் நாலு தேய் தேய்த்துத் துப்பிவிட்டால் பல் விளக்கியாயிற்று. பின்னால் இருக்கிற பற்களைப் பற்றி யாரும் பேசியதில்லை. அவை வலித்தால்தான் இருக்கிறதே தெரியும்.

அவை சீக்கிரமே வலிக்க ஆரம்பித்தன. அம்மா கிராம்பை நசுக்கி வைப்பாள். உப்புத் தண்ணீர் தருவாள். கன்னம் வீங்கினால் துணியைச் சூடுகாட்டி ஒத்தடம் கொடுப்பாள். வலி அடங்கினால் பல் குணமாகிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். நான் பெரியவளாகிறதற்குள் கடைவாயில் இரண்டு பக்கமும் குழிவிழுந்து, மேல்வரிசை முன்பற்களிலும் ஓரம் கறுத்துவிட்டது. அதன் பிறகு உதட்டைக் குவித்துப் பேசப் பழகிக்கொண்டேன். பெண் பார்க்க வந்தவர்கள் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, அடக்கமான பெண் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வாயில் நாற்றம் இருப்பதும் எனக்குத் தெரியும். அதனால் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு, சோற்றைக் குழம்பில் நன்றாக ஊறவைத்து, வலி குறைவான பக்கமாக ஒதுக்கி விழுங்குவேன்.

ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. கடையில் ஆளில்லை. அவர் உள்ளே வந்து, சமையற்கட்டு வாசல்படியில் உட்கார்ந்தார். அன்றைக்கு யாரைப் போலவும் பேசிக் காட்டவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லணும்" என்றார்.

நான் அரிவாள்மனையில் காய் நறுக்குவதை நிறுத்தினேன்.

"இந்த வீடு உனக்குப் புடிக்கல போல. என்னையும் புடிக்கல. நான் பக்கத்துல வந்தாலே முகத்த திருப்பிக்கிற. அதுக்காக நான் கோவப்படல. உங்கப்பா அம்மா சொன்னாங்கன்னு கழுத்த நீட்டியிருப்ப. ஹாலிஎலைக்கே போயி இருக்கணும்னா சொல்லு, நானே வண்டி வச்சிக் கூட்டிக்கிட்டுப் போறேன். தப்பு என் பேர்லதான்னு உங்கப்பாகிட்ட சொல்லிடுறேன். உன்ன யாரும் ஒரு வார்த்த சொல்ல மாட்டாங்க."

அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கைதான் வாசற்காலின் சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. இதைச் சொல்ல எத்தனை நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்தாரோ என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுந்து போய் அவர் எதிரே, வெளிச்சம் விழுகிற இடத்தில் உட்கார்ந்தேன். தலைப்பை விலக்கி வாயைத் திறந்து காட்டினேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இந்த வலியோடயா எனக்கு மூணு வேளையும் ஆக்கிப் போட்ட?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவரே கஞ்சி காய்ச்சினார். குழையக் குழைய இருந்தது, உப்புப் போட மறந்திருந்தார். நான் அதை அவர் எதிரிலேயே உட்கார்ந்து குடித்தேன்.

கொழும்பிலிருந்து ஒரு பல் டாக்டர் வருஷத்தில் ஒரு தடவை வந்து பயணிகள் விடுதியான வாடிவீட்டில் தங்கி, தோட்டத்துத் துரைமாருக்குப் பல் பார்ப்பார் என்று அவர் கடைக்கு வந்த யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து குதிரைவண்டியில் சாமான்களோடு வருவாராம். வரும் மாதத்தை விசாரித்துக்கொண்டு நாங்கள் காத்திருந்தோம். பல் காத்திருக்கவில்லை. டாக்டர் வந்து இறங்கிய வாரத்திலேயே என் வலது தாடை வீங்கிக் காய்ச்சல் கண்டது. வாயை விரலளவுக்கு மேல் திறக்க முடியவில்லை. எச்சில் விழுங்கினால் காது வரை குத்தியது.

இவர் வாடிவீட்டுக்கு ஓடினார். துரைமாரைத் தவிர வேறு யாரையும் பார்ப்பதில்லை என்று வாசலிலேயே நிறுத்தினார்களாம். இவர் திரும்பி வரவில்லை. விறாந்தையின் ஓரமாகவே நின்றிருக்கிறார். டாக்டர் கை கழுவ வெளியே வந்தபோது, தன் கன்னத்தில் கையை வைத்து வீக்கம் எவ்வளவு பெரிதென்று காட்டினாராம். டாக்டர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "காய்ச்சல் இருக்கா? கழுத்துப் பக்கம் இறங்கியிருக்கா? உடனே கூட்டி வாரும்" என்றிருக்கிறார்.

டாக்டர் பறங்கியர், வெள்ளைக்காரர் வழிவந்தவர், வயதானவர், தமிழ் நன்றாகப் பேசினார். ஊசி போட்டு மரக்க வைத்து, ஈறைக் கீறிச் சீழை வடித்தார். பிறகு பல்லைப் பிடுங்கினார். வலியைவிட அந்தச் சத்தம்தான் பயமாக இருந்தது. இவர் என் பின்னால் நின்று நெற்றியைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

"இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா தொண்டைக்கு இறங்கி மூச்சை அடைச்சிருக்கும்" என்று டாக்டர் இவரிடம் சொன்னார். பிடுங்கிய பல்லை ஒரு தட்டில் போட்டுக் காட்டினார். உள்ளே கூடாகிப்போயிருந்தது. "இது கடுகளவு ஓட்டையா இருந்த காலம் ஒண்டு இருந்திருக்கும். அப்ப வந்திருந்தா அடைச்சு விட்டிருப்பன். பல்லும் போயிராது, இவ்வளவு பாடும் வந்திராது."

வீக்கம் வடிந்த பிறகு மறுபடி போனோம். இன்னும் சில கடைவாய்ப் பற்களும் முன்பல் ஒன்றும் போயின. அதற்கு அடுத்த முன்பல்லைச் சுரண்டி அடைத்துக் காப்பாற்றினார். பல் விளக்குவது எப்படி என்று ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல எனக்குச் சொல்லிக்கொடுத்தார். காலையில் மட்டும் போதாது, படுக்கப் போகும்முன் கட்டாயம். பின்பற்களின் உள்பக்கமும் மேல்பக்கமும். கரகரவென்று இருக்கிற எதையும் போட்டுத் தேய்க்கக் கூடாது. இனிப்பைத் தின்றால் உடனே வாய் கொப்பளிக்க வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது. இதைச் சொல்லித்தர இத்தனை வருஷம் யாருக்கும் தோன்றவில்லையே என்று அம்மாமேல் கோபமாகவும் வந்தது. அம்மாவுக்கும் யாரும் சொன்னதில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

முன்பல் போனதால் பேச்சில் காற்றுப் போனது. "சோறு போடட்டுமா" என்று கேட்டால் சீட்டியடித்த மாதிரி வரும். முதல் நாள் அதைக் கேட்டதும் அவர் அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நானும் சிரித்துவிட்டேன். பழக்க தோஷத்தில் கை வாய்க்குப் போயிற்று. அவர் அந்தக் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கி, அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மகள் பிறந்தாள். அவளுக்கு முதல் பல் முளைத்த நாளிலிருந்து, ஈரத் துணியை விரலில் சுற்றித் துடைத்துவிட்டேன். கொஞ்சம் வளர்ந்ததும் மடியில் தலை சாய்த்துப் படுக்கவைத்து, படுக்குமுன் ஒரு தடவை வாயைப் பார்த்துவிடுவேன். அடுத்த வீட்டு அக்கா கேலி செய்வார்கள்.

"விழப்போற பல்லுக்கு எதுக்குடி இம்புட்டு சீரு?"

"விழுற வரைக்கும் அதாலதானக்கா திங்கணும்" என்பேன்.

அவள் ஐந்து வயதில் இருந்தபோது கடைவாய்ப் பல் ஒன்றில் புள்ளி தெரிந்தது. பேனா முனையால் தொட்டு வைத்த மாதிரி. அவளுக்கு வலியே இல்லை. எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. டாக்டர் வரும் மாதம் அதிகத் தூரத்தில் இல்லாதது அதிர்ஷ்டம்.

டாக்டருக்கு எங்களை ஞாபகம் இருந்தது. மகளை அப்பாவின் மடியில் உட்காரவைத்தார். காலால் மிதித்துச் சுழற்றும் கருவி ஒன்றைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அவள் அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது தையல் மெஷினா?"

"ஓம் மகள். உங்கட பல்லுல ஒரு கிழிசல் இருக்கு. தைக்கப் போறன்."

அவள் சமாதானமாகி வாயைத் திறந்தாள். கருவி கிர்ரென்றபோது அப்பாவின் சட்டையை இறுகப் பிடித்தாள், அழவில்லை. நான் அழத் தயாராக நின்றிருந்தேன், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"பால் பல்தானே, அடைக்கணுமா என்று எல்லாரும் கேப்பினம்" என்றார் டாக்டர், கையைத் துடைத்துக்கொண்டே. "பின்னால வாற பல்லுக்கு இதுதான் இடம் புடிச்சு வச்சிருக்கு. நேரத்தோட கொண்டு வந்தீங்க, நல்லது."

வெளியே வந்து நடந்தோம். வெயில் ஏறியிருந்தது. பயந்த களைப்போ என்னவோ, கடைத்தெரு வருவதற்குள் மகள் அப்பாவின் தோளில் தூங்கிப்போனாள். வாய் நன்றாகத் திறந்திருந்தது. நான் பின்னால் நடந்தபடியே எட்டி எட்டி அந்த அடைப்பைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஈயத்தைப் போலச் சின்னதாக மின்னியது.

"பாத்தது போதும்" என்றார் அவர், திரும்பாமலே. "வாய மூடி வுடு. ஈ கீ பூந்துறப் போவுது."