ரெண்டு தலை கேபிள்

சிதம்பரம் இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்பவர்கள் இளவரசியைச் சிடுமூஞ்சி என்பார்கள். உண்மையில் அவள் பயந்தவள். ஒரு எழுத்து தப்பினால் யாரோ ஒருவர் தாலுகா ஆபீசுக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டுமே என்ற பயத்தில், ஒவ்வொரு விண்ணப்பத்தையும் மூன்று முறை படித்துவிட்டுத்தான் அனுப்புவாள். பதினோரு வருடமாக அப்படித்தான்.

அவள் கணவர் தேவநாதன் முன்பு பள்ளி வேன் ஓட்டினார். ஆறு வருடத்துக்கு முன் வலிப்பு வந்து விழுந்தபோது, மூளையை ஒட்டிச் சிறு கட்டி இருப்பது ஸ்கேனில் தெரிந்தது. அத்தோடு வேனை விட்டுவிட்டு உரக்கடை வேலைக்குப் போனார். போன வாரம் ஒருநாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் வலது கை மரத்துப்போய் நின்றார். கடலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

புது ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, "பழைய படம் வேணும்மா. கட்டி வளந்திருந்தா ஆபரேஷன். அப்படியே இருந்தா மாத்திரை போதும். தெரியாம தலையத் தொறக்க முடியாது. வியாழக்கிழமை கொண்டாங்க" என்றார்.

பழைய பிலிம்கள் வெள்ளத்தில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. ஸ்கேன் எடுத்த இடத்தையும் மூடிவிட்டார்கள். மிஞ்சியது அந்த ஸ்கேன் பதிந்து பீரோவில் இருந்த ஒரே ஒரு சிடி.

வீட்டு லேப்டாப்பில் சிடி போடும் வசதி இல்லை. கூட வேலை செய்யும் சிந்துஜாவிடம் வெளியே வைத்து மாட்டும் டிரைவ் ஒன்றை வாங்கி வந்தாள். அதன் கேபிள் டைப்-சி என்ற புது வகை, லேப்டாப்பில் அந்த ஓட்டை கிடையாது. நடுவே ஒரு அடாப்டரைச் செருகி மாட்டினாள். சிடி சுற்றியது. டிக், டிக் என்று சத்தம். நின்றது. மறுபடி சுற்றியது, மறுபடி நின்றது. வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். ஓரத்தில் மெல்லிய வளையமாக ஒரு கீறல். முன்பே இருந்ததா, தான் இப்போது போட்டதா?

தேவநாதனிடம் மூச்சு விடவில்லை. மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், தெற்கு வீதியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ராஜ்கமலிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவன் இரண்டு டிரைவ்களை எடுத்து வைத்தான்.

"இது டைப்-சிக்கா. இது பழைய யூஎஸ்பி, ரெண்டு தலை கேபிள்."

"எது வேகமா படிக்கும்?"

"சிடிக்கு எதுக்குக்கா வேகம்? அதுக்குப் பழைய யூஎஸ்பி வேகமே ஜாஸ்தி. கரண்ட்டுதான் விஷயம். மோட்டாரு சுத்த ஆரம்பிக்கிறப்ப நெறைய இழுக்கும். ஒங்க லேப்டாப் பழசு, ஒரு ஓட்டையில அவ்ளோ வராது. அதான் டிக்கு டிக்குன்னு நின்னுருக்கு. இதுல ஒரு தலை படிக்கவும் கரண்ட்டுக்கும், இன்னொன்னு கரண்ட்டுக்கு மட்டும்."

"கீறல் உழுந்துருக்கே. அழிஞ்சிருக்குமா?"

"போட்டுப் பாத்தாதான் தெரியும். குடுங்க, நம்ம கம்ப்யூட்டர்லயே போட்டுடலாம்."

சிடியைக் கைமாற்ற அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு ஓட்டையில் கரண்ட் போதாது என்று அவன் சொன்னதும் காதில் நின்றது. சற்று யோசித்துக் கேட்டாள்.

"ரெண்டு தலையையும் கம்ப்யூட்டருக்குப் பின்னாடி இருக்குற ஓட்டையில நேரா மாட்டுவீங்களா? நடுவுல அடாப்டர் எதுவும் வேணாம்."

"மாட்டிடலாம்."

"சிடிய நானே போடறேன்."

சிடியைத் தட்டில் வைத்து அழுத்தினாள். மோட்டார் உறுமியது. டிக் சத்தம் வரவில்லை. திரையில் கோப்புகள் வரிசையாக வந்தன. பென்டிரைவுக்குப் போட்டான் ராஜ்கமல். பத்து சதவீதம், முப்பது, ஐம்பது என்று ஏறி, அறுபத்தொன்றில் நின்றுவிட்டது.

"எடுத்துடலாமா?" என்று கையை நீட்டினாள்.

"தொடாதீங்கக்கா. படிக்கப் பாக்குது."

ஆபரேஷன் மேசையில் மொட்டைத் தலையோடு தேவநாதன் படுத்திருப்பது போலவே கண்ணுக்குள் வந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை நிமிடமோ தெரியாது. அறுபத்திரண்டு. அப்புறம் தடதடவென்று ஓடி முடிந்தது. ஒரு படத்தைத் திறந்து காட்டினான். கறுப்பு நடுவே வெள்ளையாக ஒரு புள்ளி. அது பெரிதா சிறிதா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை; அதற்கு மேல் பார்க்கவும் தைரியம் இல்லை.

வியாழக்கிழமை டாக்டரம்மா இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"ரெண்டு மில்லிமீட்டர் வித்தியாசம். ஆறு வருஷத்துக்கு இது பெருசில்ல. இப்போ ஆபரேஷன் வேணாம். மாத்திரைய மாத்தித் தரேன். நாலு மாசம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் பாத்துடலாம்."

பஸ்சில் தேவநாதன் ஜன்னலோரம் உட்கார்ந்து, வலது கை விரல்களை மடக்கி மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அதான் வேணாம்னுட்டாங்களே. இன்னும் ஏன் மூஞ்சிய இப்புடி வச்சிருக்கற?"

"ரெண்டு மில்லிமீட்டர் வளந்துருக்குன்னாங்களே" என்றாள். அவர் கையைத் தன் மடியில் இழுத்து வைத்து, சிதம்பரம் வரும்வரை விடாமல் பிடித்திருந்தாள்.