'அடுத்து' பொத்தான் போன பாதை

மூன்று வருடங்களுக்கு முன்பு, திண்டிவனத்தில் ஒரு தனியார் ஏலக் கூடத்தில் நடந்தது இது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டை மூட்டையாக வந்து இறங்கிய சமயம்.

நான் விழுப்புரத்தில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் உதவிக் குறிப்புகள் எழுதுகிறேன். திரையில் 'உதவி' என்று அமுக்கினால் வருமே, அதுதான். "அதையெல்லாம் எவன் படிக்கிறான்?" என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். எனக்கோ என் வேலையில் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

அந்தக் கூடத்துக்கு வரத்துப் பதிவு, எடை, நாள் முடிப்பு என்று மூன்று உதவிக் கோப்புகள். மூன்று பேர் எழுதினோம். ஒன்றாக இணைத்தது நான். பொருளடக்கத்தைக் கையாலேயே வரிசைப்படுத்தி, ஒவ்வொரு தலைப்பையும் தட்டிப் பார்த்து, பக்கா என்று அனுப்பிவிட்டேன். பக்கத்தின் அடியில் 'அடுத்து' என்றொரு பொத்தானும் இருந்தது. அதை நான் கண்டுகொள்ளவே இல்லை.

முதல் நாள் என்பதால் நானும் போயிருந்தேன். கணினியில் உட்கார்ந்த பெண்ணுக்கும் அன்றுதான் வேலையில் முதல் நாள். என் வயதுதான் இருக்கும். பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்தபின் வேலைக்கு வந்தவர். மூட்டைகள் வெளியே திறந்த களத்தில் கிடந்தன. எடை போட்டுச் சீட்டு கட்டினால்தான் உள்ளே ஏற்றுவார்கள்.

வரத்துப் பதிவு முடிந்த கொஞ்ச நேரத்தில், 'இன்றைய நாள் முடிக்கப்பட்டது' என்று திரையில் வந்து நின்றது. எடைப் பக்கம் திறக்கவே இல்லை.

கூடத்தின் மேலாளர் அந்தப் பெண்ணிடம் கத்தினார். "என்னாம்மா பண்ணி வச்சிருக்க? மானம் இருட்டிக்கினு வருது, மல்லாட்டை நனைஞ்சா யாரு பதில் சொல்றது? தெரியலன்னா வூட்டுக்குக் கெளம்பு!"

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "உதவியில போட்ருந்தத பாத்துக்கினுதாங்க செஞ்சேன்" என்றார். வேறெதையாவது தட்டியிருப்பார் என்றுதான் நான் நினைத்தேன். அந்த நினைப்புக்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

பக்கத்தில் உட்கார்ந்து, எப்படிச் செய்தார் என்று காட்டச் சொன்னேன். பொருளடக்கத்தை அவர் தொடவே இல்லை. ஒரு பக்கம் படிப்பது, அதன்படி செய்வது, 'அடுத்து' அமுக்குவது. வரத்துப் பதிவின் கடைசிப் பக்கத்தில் அதை அமுக்கியதும் எடைக்குப் போகாமல் நேராக நாள் முடிப்பு வந்தது. நாள் முடிப்பு சின்னக் கோப்பு. சீக்கிரம் கைக்கு வந்ததால் எடைக்கு முன்பே அதை இணைத்திருந்தேன். அந்தப் பொத்தான் பொருளடக்கத்தைப் பார்க்காமல், நான் இணைத்த வரிசையிலேயே போயிருக்கிறது.

எழுந்து நின்று, "சார், அவங்க மேல தப்பில்ல. நான் போட்டு வச்சத அப்படியே செஞ்சிருக்காங்க. தப்பு என்னோடது" என்றேன். அலுவலகத்துக்கு ஃபோன் போட்டு, முடிந்த நாளை மறுபடி திறக்க வைத்தோம். அதன்பின் அந்தப் பெண் தடுமாறவே இல்லை. சீட்டுகள் மளமளவென்று வந்தன. நாலைந்து மூட்டைகள் நனைந்துதான் போயின. மேலாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நான் கிளம்பும்போது அந்தப் பெண் வாசல்வரை வந்தார். "நாளைக்கு எட்டு மணிக்கே வந்துடுன்னு சொல்லிட்டாருங்க மேடம்" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மறுநாளே வரிசையைச் சரிசெய்தேன். இப்போது எந்தக் கோப்புகளை இணைத்தாலும், முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை 'அடுத்து' மட்டுமே அமுக்கிப் பார்க்கிறேன். தலைக்கனம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனால் நான் தந்ததை ஒரு வரி விடாமல் நம்பிப் படித்த ஒரே ஆளை, முதல் நாளே வீட்டுக்கு அனுப்பப் பார்த்தேன் என்பது மட்டும் மறக்கவே இல்லை.