ஏரல் தண்ணீர்

அம்பாசிடரின் அடியில் பூசிய கழிவு ஆயில் வாசனை... எழுபதுகளில் தூத்துக்குடியில் தூரப் பயணத்துக்குக் காரைத் தயார் பண்ணுவது அதில்தான் ஆரம்பிக்கும். உப்புக்காற்று தகரத்தைத் தின்றுவிடுமே.

நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸில் புது கிளார்க். முதலாளியின் தங்கை மகளுக்குக் கல்கத்தாவில் கல்யாணம். குடும்பத்தோடு காரிலேயே போவதென்று முடிவு. டிரைவர், புன்னைக்காயல் சூசை அண்ணாச்சி.

ஒரு வாரமாக வண்டியைக் குடைந்துகொண்டிருந்தார். புது ஃபேன் பெல்ட், பிளக், ஸ்டெப்னி, முன்னால் தொங்கவிடக் கான்வாஸ் தண்ணீர்ப் பை... வழியில் கண் சொருகக் கூடாதென்று முதல் நாள் முதலாளி அவரைக் கட்டாயமாகத் தூங்க அனுப்பிவிட்டார். மிச்சமிருந்த ஒரே வேலை என் தலையில் விழுந்தது.

ரேடியேட்டருக்குத் தண்ணீர்.

எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் கரிக்கும். அதை ஊற்றினால் உள்ளே உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். அதனால் ஏரலுக்கு பஸ் ஏறி, ஆற்றுத் தண்ணீர் இரண்டு டின் கொண்டுவர வேண்டும். ரேடியேட்டரை நிரப்பி, மீதியை வழிக்கு டிக்கியில் வைக்க வேண்டும்.

நான் மேட்னி ஷோ போனேன். டின்களை ஆபீஸ் கிணற்றிலேயே நிரப்பிவிட்டேன். எல்லாம் தண்ணீர்தானே என்கிற திமிர்.

காலையில் மாதா படத்துக்குப் பூ வைத்துவிட்டு அண்ணாச்சி கேட்டார்.

"ஏரல் தண்ணிதானல?"

"ஆமா அண்ணாச்சி."

ஆந்திராவில் ஓங்கோல் தாண்டி எஞ்சின் கொதித்து நின்றுவிட்டதாம். ரேடியேட்டர் முழுக்க உப்பு. ஷெட்டில் இரண்டு நாள் கிடந்து, தாலி கட்டி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். திரும்பி வந்த அன்றே முதலாளி அவரை வேலையை விட்டு நிறுத்தினார்.

அண்ணாச்சி என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவசரத்தில் தான்தான் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிட்டதாகச் சொல்லியிருந்தார். கார் சாவியை என் மேஜையில் வைத்தபோது குரல்கூட உயரவில்லை.

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், எங்கனயும் பொழச்சுக்கிடுவேன். ஒனக்கு இது மொத வேலைல்லா..."

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் அவர் உப்பள லாரி ஓட்டினார். தெருவில் பார்த்தால் சிரிப்பார். நான் ஏதாவது சந்து பார்த்துத் திரும்பிவிடுவேன். வெட்கமாக இருக்கும்.

இப்போது கூலன்ட் பாட்டிலில் வருகிறது. என் மகன் சென்னையிலிருந்து ஒரே மூச்சில் காரில் வருகிறான், பானெட்டைத் திறந்தே பார்ப்பதில்லை. நல்லதுதான்.

அண்ணாச்சி இறந்து பல வருஷம் ஆகிறது. இன்று இத்தனை பேர் படிக்கும் இடத்தில் கூசாமல் எழுதிவிட்டேன்... அன்று முதலாளியின் அறை என் மேஜையிலிருந்து பத்தடி தூரம்.

எழுந்து போயிருக்கலாம்.